கடல் மூடும் மாதங்களில் ஒரு பள்ளிக்கூடம்

இலங்கையில் ஒரு பிள்ளைக்கு 16 வயது நிறைவதோடு பாடசாலை வரவுக் குழுவின் கடமை முடிகிறது. கல்வியை 5 வயது முதல் 16 வரை கட்டாயமாக்கிய ஒழுங்குவிதிகள் 2016இல் வர்த்தமானியில் வந்தன. அதற்கு முன்னர், 1998 தொடக்கம், எல்லை 14 ஆக இருந்தது. தொழிலுக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதையும் 2021இல் 16 ஆக உயர்த்தினார்கள். இரண்டு சட்டங்களும் ஒரே இடத்தில் வந்து நின்றது நல்ல காரியம். ஆனால் அபாயகரமான தொழில்களுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று உண்டு. ஆழ்கடல் மீன்பிடி அதில் அடங்குகிறது. 18 வயதாகாத எவரையும் அந்தத் தொழில்களில் சேர்க்கக் கூடாது. ஆகவே கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிற்கும் பலநாள் படகில் ஏற 17 வயதுப் பையனுக்குச் சட்டம் இடம்தராது. அவனை வகுப்பறைக்குத் திரும்பக் கூப்பிடும் கடமையும் யாருக்கும் கிடையாது. அந்த இரண்டு வருடங்களும் அவனைக் கேட்பாரில்லாத வருடங்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் இந்த வயதுப் பிள்ளைகளை எங்கே பார்க்கலாம் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். கரைவலை இழுக்கிற இடத்தில், மேசன்மாருக்குச் சாந்து குழைக்கிற இடத்தில், தம்பலகாமத்து வயல்களில், நிலாவெளி விடுதிகளின் குசினிப் பக்கத்தில், ஓட்டோ திருத்தும் கராஜுகளில். பெண் பிள்ளையென்றால் அநேகமாக வீட்டுக்குள் இருப்பாள். தாய் குவைத்திலோ சவூதியிலோ இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, தம்பி தங்கைக்கு இவள் சமைத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். 16 வயதுவரை காத்திருந்து விலகியவர்கள் இவர்களில் சிறு தொகைதான். பலர் எட்டாம், ஒன்பதாம் தரத்திலேயே வருவதை நிறுத்தியவர்கள். சட்டம் அப்போது அவர்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், வைத்திருக்கவில்லை.

ஏன் விட்டாய் என்று கேட்டால் வீடுகளில் கிடைக்கும் விடை ஒன்றுதான்: படிப்பு ஏறவில்லை. இந்த விடையை அப்படியே நம்பிவிடுவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. பாடசாலைக்கு வசதி, வலயக் கல்வி அலுவலகத்துக்கு வசதி, பெற்றோருக்கும் ஒரு வகையில் ஆறுதல். ஆனால் 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதற்கு முந்தைய மாதம் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. கொழும்பில் அது அடுப்புச் செலவு. குச்சவெளியிலும் மூதூரிலும் அது தொழிலின் கழுத்து, ஏனென்றால் சிறிய வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. வள்ளத்துக்கும் வலைக்கும் ஆளுக்கும் என்று பங்கு பிரிக்கிற தொழில் இது. எண்ணெய்க் காசைக் கழித்தபின் வெளியாளுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாவிட்டால் வீட்டுப் பையன் ஏறுவான், அவன் பங்கு வீட்டோடு நிற்கும். பிறகு மண்ணெண்ணெய் விலை இறங்கியது. விலை இறங்கியதற்காக வள்ளத்தில் ஏறியவன் வகுப்புக்குத் திரும்பி வரவில்லை. ஆறு மாதம் தவறவிட்டவன் அதே வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஆசிரியர் எழுதுவது விளங்காது, விளங்காததைச் சகபாடிகள் கவனிப்பார்கள், கையில் காசு பார்த்துப் பழகியவனுக்கு அந்த வெட்கம் தேவையில்லாத ஒன்று.

தூரமும் ஒரு காரணம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலை நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையே பாதையில் ஏறித்தான் கடந்தார்கள். இந்த ஊரில் பாதை என்றால் தண்ணீரின் மேல் இழுத்துப் போகும் மிதவை. பெரிய பாலம் வந்த பிறகும் சிறிய துறைகள் மாறவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், பாடசாலைக்குப் போன பிள்ளைகளோடு அங்கே ஓடிய பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள், அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். ஒரு ஊரில் பாடசாலைக்குப் போவது உயிரைப் பணயம் வைக்கிற காரியமாக இருக்கும்போது, பிள்ளையை வீட்டில் மறித்துவைத்த தாயை வரவுக் குழு எந்த முகத்தோடு விசாரிப்பது?

போர் விட்டுச்சென்றது வேறு கணக்கு. 2006இல் மூண்ட சண்டையில் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களின் காணிகளில் ஒரு பகுதி அனல்மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது, மக்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் தற்காலிக முகாம்களில் ஒன்பது வருடம் கிடந்தார்கள். 2015இலிருந்துதான் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. இடம்பெயர்ந்தபோது ஐந்தாம் தரத்தில் இருந்த பிள்ளை ஊர் திரும்பியபோது 19 வயது இளைஞன். அவனுக்கு இப்போது முப்பதை நெருங்குகிறது. இடைவிலகியோர் பற்றிய பேச்சில் இவனை யாரும் சேர்ப்பதில்லை, அவன் விலகியது தன் விருப்பத்தாலும் இல்லை, வறுமையால் மட்டும் என்றும் இல்லை.

மூதூரைப் பற்றிப் பேசும்போது ரிசானா நபீக்கைத் தவிர்க்க முடியாது. விறகு வெட்டிப் பிழைத்த தகப்பனின் மகள். பிறந்தது 1988இல். 2005இல், சுனாமி அடித்து ஐந்து மாதம்கூட ஆகாத நேரத்தில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்குப் போனாள். அப்போது அவளுக்கு 17 வயது. அவள் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த நாட்களில் நாடு முழுவதும் அவளுக்காகக் குரல் எழுந்தது. முகவரைத் திட்டினோம், தூதரகத்தைத் திட்டினோம், சவூதிச் சட்டத்தைத் திட்டினோம், எல்லாம் நியாயமானவைதான். ஆனால் மூதூரில் 17 வயதுப் பெண் ஒருத்திக்கு அந்த வருடம் போய்ச் சேர வேறு என்ன இடம் இருந்தது என்ற கேள்வி அன்று அதிகம் எழவில்லை. அதற்குப் பிறகு வெளிநாடு போகும் பெண்களின் வயது, குடும்பப் பின்னணி பற்றி விதிகள் வந்தன, தளர்ந்தன, மறுபடி பேசப்பட்டன. போகாமல் இருக்கிற பெண் என்ன செய்வாள் என்பதற்கு விதி ஒன்றும் வரவில்லை.

சரி, திரும்பி வர வழியே இல்லையா? காகிதத்தில் ஏராளம் இருக்கிறது. கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவு எழுத்தறிவு வகுப்பும் சமூகக் கற்றல் நிலையமும் நடத்துகிறது. தொழிற் பயிற்சி அதிகார சபை உண்டு, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை உண்டு, தேசிய இளைஞர் படையணி உண்டு, நகரில் தொழில்நுட்பக் கல்லூரியும் உண்டு. 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் உயர்தர வகுப்பில் தொழிற்றுறைப் பாடங்களைப் படித்து தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டச் சான்றிதழ் பெற வழிசெய்தது. நல்ல திட்டம், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அது சாதாரண தரப் பரீட்சை மண்டபம்வரை வந்து சேர்ந்தவனுக்கு. எட்டாம் தரத்தில் நின்றவனுக்கு அங்கே கதிரை இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் நல்ல வேலை தரும் பாடநெறிகள் பெரும்பாலும் ஒன்பதாம் தரமாவது, சாதாரண தரமாவது முடித்திருப்பதைக் கேட்கின்றன. வகுப்பு பகலில், ஐந்து நாளும், நகரத்தில். தமிழில் கற்பிக்கக்கூடிய போதனாசிரியர் இல்லாவிட்டால் அந்தப் பாடநெறியே அந்த வருடம் நடக்காது. வெருகலிலிருந்து ஒருவன் வந்துபோக பஸ் காசும் அரை நாளும் போகும். வள்ளத்தில் அவனுக்குக் கிடைத்துவந்த பங்கும் போகும்.

பேச்சு வந்து முட்டுகிற இடம் இந்தப் பங்குதான். நமது கல்வி முறை பிள்ளைக்குக் காசு கொடுக்கத் தெரியாத முறை என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 750 ரூபாவிலிருந்து 1,500 ஆனது. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல 5,000த்திலிருந்து 7,500 ஆனது. இரண்டும் தேவையானவை. இரண்டும் பரீட்சையில் வென்றவருக்கு. தோற்றவருக்கு அல்லது பரீட்சைக்கே போகாதவருக்கு அரசு கொடுப்பது பெரும்பாலும் ஆலோசனைதான். 2024ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சையில் உயர்தரம் கற்கத் தகுதி பெற்றவர்கள் 73.45 சதவீதம். பெறுபேறு வந்த கிழமை ஒன்பது ஏ எடுத்தவர்களின் படத்தோடு சந்திக்குச் சந்தி பதாகை தொங்கியது. மீதி நான்கில் ஒரு பங்கினரும், அவர்களுக்கு முன்னரே போய்விட்டவர்களும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய கூட்டம் என்பதைப் பதாகை கட்டியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி கட்டணத்தை ஒழித்தது. கூலியை இழப்பதன் விலையை அது தொடவில்லை. தொட வேண்டும் என்று அன்று எதிர்பார்த்திருக்கவும் முடியாது. எண்பது வருடம் கழித்தும் தொடாமல் இருப்பதுதான் வியப்பு.

முடியாத காரியமா இது? போர் முடிந்த 2009இல் சிறுவர் போராளிகளாக இருந்த 594 பேர் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்கவைக்கப்பட்டு, சாதாரண தரமும் உயர்தரமும் எழுதினார்கள். படிப்பு பல வருடம் அறுந்து கிடந்த பிள்ளைகள் அவர்கள். தங்க இடம், சாப்பாடு, சீருடை, தனியாக ஆசிரியர், பரீட்சைத் திணைக்களத்தின் ஒத்துழைப்பு, எல்லாம் ஏற்பாடாயின. அது சுதந்திரமான ஏற்பாடு இல்லை என்பதை மறக்கவில்லை. மதிலும் காவலும் இருந்த இடம், படைத்தரப்பின் மேற்பார்வை. ஆனால் படிப்பை விட்ட பிள்ளையை வருடக்கணக்கு இடைவெளிக்குப் பிறகும் பரீட்சை மேசைக்குக் கொண்டுவர இந்த அரசுக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. துப்பாக்கி ஏந்திய பிள்ளைக்குச் செய்ததை, வலை ஏந்திய பிள்ளைக்குச் செய்ய என்ன தடை? பயம் அப்போது இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிழக்கில் இதற்கும் முந்தைய முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபர்ட், கிழக்கின் பாடசாலைகளில் கற்பித்தவர், கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக இன்றும் பழைய மாணவர் நினைவில் இருப்பவர். கடைசிக் காலத்தில் மட்டக்களப்பில் இயேசு சபையினர் நடத்திய தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்துக்குப் பணிப்பாளராக இருந்தார். பாடசாலையைத் தாண்ட முடியாத இளைஞர்களுக்குக் கைத்தொழில் பழக்கிய இடம் அது. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்துகொண்டிருந்தபோது, கூட வந்த இளைஞரோடு காணாமற்போனார். இன்றுவரை தகவல் இல்லை. போர் உச்சத்தில் இருந்த கிழக்கில், ஒரு துறவியும் சில பட்டறைகளும் செய்ததை, சமாதானம் வந்து பதினைந்து வருடம் தாண்டியும் ஐந்து கல்வி வலயங்கள் கொண்ட ஒரு மாவட்டம் செய்யவில்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தொழிற்கல்வி என்றதும் இந்த நாட்டில் சிலருக்கு நெஞ்சு பதறுவதில் நியாயம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கனிஷ்ட வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. ஊரின் தொழில் எதுவோ அதைப் பாடசாலையில் படிக்கலாம் என்பது எண்ணம்: கரையோரத்தில் மீன்பிடி, களிமண் உள்ள இடத்தில் மட்பாண்டம். கல்வியாளர்களுக்கு அது அழகான எண்ணமாக இருந்தது. பெற்றோருக்கு அப்படி இருக்கவில்லை. வலையிலிருந்து பிள்ளையைத் தப்பவைக்கத்தானே பாடசாலைக்கு அனுப்புகிறோம், அங்கேயும் வலைதானா என்று நினைத்தார்கள். பட்டினத்துப் பிள்ளை விஞ்ஞானம் படிக்க, கரையூர்ப் பிள்ளை மீன்பிடி படித்தால், ஊரில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வுக்குப் பாடத்திட்டமே முத்திரை குத்தியதாகிவிடும். 1977இல் ஆட்சி மாறியதும் அந்தப் பாடங்கள் போய்விட்டன, அதிகம் பேர் அழவில்லை. அன்றைய பெற்றோரின் சந்தேகம் சரியானது என்பதே என் அபிப்பிராயம். ஏழைப் பிள்ளைக்கு முன்கூட்டியே ஒரு தொழிலைத் தீர்மானித்துவைக்கும் எந்தத் திட்டத்தையும் கிழக்கு மக்கள் எதிர்க்க வேண்டும்.

ஆனால் இப்போது பேசுவது 12 வயதுப் பிள்ளையின் பாடத்திட்டத்தைப் பற்றி இல்லை. படிப்பை விட்டவன் ஏற்கெனவே வலைக்குள் இருக்கிறான். அவனுக்கு இயந்திரம் கழற்றிப் பூட்டத் தெரியும், காற்றைப் பார்த்து நேரம் சொல்லத் தெரியும், எந்த மீனுக்கு எந்தக் கண் வலை என்று தெரியும், கணவாய்க்கு என்ன விலை போகிறது என்பதும் தெரியும். தெரியாதது, அந்த இயந்திரத்தோடு வந்த கைநூலை வாசிப்பது, எண்ணெய்ச் செலவைக் கணக்கெழுதுவது, வங்கிப் படிவம் நிரப்புவது, தன் அறிவுக்கு ஒரு காகிதச் சான்று வாங்குவது. அவனைத் திரும்பக் கூப்பிடும் பள்ளி, அவனுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினால் வருவான். தெரியாததிலிருந்து தொடங்கினால், முதல் கிழமையே அவன் முன்பு ஓடிவந்த அதே வகுப்பறையை மறுபடி காண்பான்.

வெளியுலகில் இதற்கு அனுபவம் உண்டு. பிரான்சின் மார்செய்யும் ஒரு துறைமுக நகரம், வேலையற்ற இளைஞர் நிறைந்த நகரம். ஐரோப்பிய ஆணையத்தில் கல்விப் பொறுப்பில் இருந்த எடித் கிரெசோன் முன்வைத்த யோசனையின்படி 1997இல் அங்கே முதலாவது இரண்டாம் வாய்ப்புப் பள்ளி தொடங்கியது. வருகிறவருக்கு மதிப்பெண் போடுவதில்லை, வகுப்பு ஏற்றுவதுமில்லை. சில கிழமை பள்ளி, சில கிழமை உண்மையான வேலைத்தலம், மறுபடி பள்ளி. வேலைத்தலத்தில் எதைத் தெரியாமல் முழித்தாரோ அதுவே அடுத்த தவணையின் பாடம். அயர்லாந்தில் 1989இல் தொடங்கிய யூத்ரீச் திட்டம், படிப்பை விட்ட 15 முதல் 20 வயதுவரையானோருக்கு நாடெங்கும் சிறு நிலையங்களை வைத்திருக்கிறது. வந்து படிப்பவருக்குக் கிழமைக்கு ஒரு கொடுப்பனவும் தருகிறது. அதுவும் செல்வந்த நாடாக இல்லாத காலத்தில் அயர்லாந்து தொடங்கியது. காசு கொடுத்தால் வேண்டுமென்றே பிள்ளைகள் படிப்பை விட்டு வருவார்கள் என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஒரு வருடத்துக்கு மேல் பாடசாலைக்கு வெளியே இருந்தவருக்கு மட்டும் என்று விதித்தால் அந்தப் பயம் பெருமளவு தீரும். அதோடு, கொடுக்கும் தொகை கடலில் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கப்போகிறது. அதற்காக எவனும் பாடசாலையைத் துறக்க மாட்டான். கடலை விட்டு வகுப்புக்கு வரும் துணிவை அது தரும், அது போதும்.

மார்செய்யை அப்படியே இங்கே இறக்கச் சொல்லவில்லை. திருகோணமலைக்கு அதைவிட நல்ல ஒரு வாய்ப்பை இயற்கையே வைத்திருக்கிறது. நவம்பரில் வாடைக் காற்று தொடங்கினால் வெளிக்கடல் கொந்தளிக்கும். பெப்ரவரிவரை சிறிய வள்ளங்களுக்குத் தொழில் நாட்கள் குறைவு. கொட்டியாரக் குடாவுக்குள் தொழில் முற்றாக நிற்பதில்லை, ஆனால் குச்சவெளி, புடவைக்கட்டுப் பக்கத்தில் பல நாள் கரையில்தான். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வந்து வாடி அடித்துத் தொழில் செய்யும் குடும்பங்களும் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிடுவார்கள். அந்த நான்கு மாதமும் பையன் கரையில் இருக்கிறான், கையில் காசு இல்லை, கடன் ஏறிக்கொண்டிருக்கிறது, பொழுது நிறைய இருக்கிறது. கசிப்பும் கஞ்சாவும் அவனைத் தேடி வருவது இந்த மாதங்களில்தான். பள்ளி தேடி வருவதில்லை. பாடசாலைத் தவணை மார்கழியில் முடிந்து தை மாதத்தில் திறக்கும், அவன் ஓய்வாக இருக்கும் நேரத்தில் ஒரு பகுதி விடுமுறை. கடல் திறந்ததும் பாடசாலையும் மும்முரமாகும்.

ஆக நான் கேட்பது கடல் மூடும் மாதங்களில் திறக்கிற ஒரு பள்ளி. நவம்பர் நடுவில் தொடங்கி பெப்ரவரி இறுதியில் முடியும் ஒரு தவணை. அது இரண்டு வருடம், மூன்று வருடம் தொடரலாம். முதல் மாரியில் தெரிந்த தொழிலைச் சோதித்து, தேசிய தொழிற்தகைமைக்கு முன்னனுபவத்தின் பேரில் விண்ணப்பிக்க வைப்பது. இந்த நாட்டில் அதற்கு முறை ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் படிக்காதவரும் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். மதிப்பீட்டாளர் கரைக்கு வர வேண்டும், தமிழில் கேட்க வேண்டும், இரண்டே நிபந்தனை. கையில் ஒரு சான்றிதழ் கிடைத்தவனிடம் தமிழ் வாசிப்பையும் கணிதத்தையும் பற்றிப் பேசினால் கேட்பான். இரண்டாவது, மூன்றாவது மாரியில் விருப்பமுள்ளவர் சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். பரீட்சையும் அண்மைய வருடங்களில் டிசெம்பரைவிட்டு நகர்ந்து நடந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டுப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது, அதாவது மாரித் தவணை முடிகிற கையோடு. இப்படிப் பொருந்திவரும் என்று பரீட்சைத் திணைக்களம் கனவிலும் நினைத்திருக்காது.

மாவட்டம் முழுக்க ஒரே நாட்காட்டி வேலை செய்யாது என்பதும் உண்மை. கடலிலிருந்து உள்ளே போனால் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் கதை மாறுகிறது. பெரும்போக விதைப்பும் களையெடுப்பும் மாரியோடுதான், மாசி பங்குனியில் அறுவடை. அங்கே பிள்ளை ஓய்வாக இருப்பது வேறு மாதங்களில். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வேலை செய்பவனுக்கு வெள்ளைக்காரர் வராத காலம்தான் ஓய்வு. அது வாடைக் காலத்தோடு ஒத்துப்போகிறது. வெருகலிலும் மூதூரின் தாழ்வான பகுதிகளிலும் மாரி என்றால் வெள்ளமும்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்ததைப் பார்த்தோம். அங்கே வகுப்பு தை பிறந்த பின் தொடங்குவதே புத்தி. இதையெல்லாம் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கையால் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு வலயமும் தன் கரையையும் தன் வயலையும் பார்த்துத் தீர்மானிக்க அதிகாரம் கொடுத்தால் போதும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த நாட்காட்டியும் உதவாது. வீட்டுவேலைக்குப் பருவம் இல்லை. அவர்களுக்கு வகுப்பு வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும், பிற்பகலில் இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும், இடுப்பில் உள்ள தம்பியைக் கூட்டிவர இடம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, கொரோனாவில் பாடம் இழந்த சிறுபிள்ளைகளுக்காக வந்தது. ஆனால் அதன் அடிப்படை இங்கே பொருந்தும்: அதே தெருவில் வசிக்கும் படித்த பெண்ணையே தன்னார்வலராக்கி மாலையில் வகுப்பு நடத்துவது. மூதூரிலும் கிண்ணியாவிலும் பட்டம் பெற்று நியமனத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் குறைவில்லை. தெரிந்த பெண்ணின் வீட்டு விறாந்தைக்கு மகளை அனுப்ப எந்தத் தகப்பனும் அதிகம் யோசிக்க மாட்டார்.

செலவைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது ஆசையை எழுதியதாகிவிடும். 2025 வரவுசெலவுத் திட்டம் மகாபொலவுக்கு வகுத்த அதே 7,500 ரூபாவை, மாரித் தவணையின் நான்கு மாதமும், ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம்: 30,000 ரூபா. ஆயிரம் பிள்ளைக்கு மூன்று கோடி. கட்டடம் புதிதாகத் தேவையில்லை. பாடசாலைகள் பிற்பகலில் வெறுமையாகவே கிடக்கின்றன. காசு எங்கே என்றால், மாவட்டத்துக்கு வரும் பெரிய திட்டங்களைப் பாருங்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையில் 99 தாங்கிகளும் பங்கிடப்பட்டன: 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த புதிய கம்பனிக்கு. சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின்னுற்பத்தித் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். இந்த வேலைகளுக்கு ஒட்டுநர், மின்னிணைப்பாளர், பொருத்துநர், பாரந்தூக்கி இயக்குநர் என்று ஆட்கள் வேண்டும், எல்லோரிடமும் தொழிற்தகைமைச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் உள்ளவர்கள் வேறு மாவட்டங்களிலிருந்து வருவார்கள். தன் பாட்டனின் காணியில் எழும் சூரியப் பலகைகளுக்கு இரவில் காவல் இருக்கும் வேலை சம்பூர்ப் பையனுக்குக் கிடைக்கும். திட்டங்களின் செலவோடு ஒப்பிட்டால் மூன்று கோடி ரூபா திறப்புவிழாப் பந்தல் செலவு. அந்தக் கம்பனிகளிடமே உள்ளூர்ப் பயிற்சிக்கான பங்கைக் கேட்டு வாங்குவது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் வேலை.

பொறுப்பு யாருடையது என்ற பழைய குழப்பமும் இப்போது இல்லை. முன்பு பாடசாலை ஒரு அமைச்சரிடமும் தொழிற்பயிற்சி இன்னொரு அமைச்சரிடமும் இருந்தபோது, இடைவிலகிய பிள்ளையை இருவரும் மற்றவர் பக்கம் கைகாட்டினார்கள். 2024 நவம்பரிலிருந்து கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி மூன்றும் ஒரே அமைச்சின் கீழ், பிரதமரின் கையிலேயே இருக்கின்றன. பெயர்ப்பட்டியலுக்கும் ஆணைக்குழு தேவையில்லை. ஒவ்வொரு பாடசாலையின் வரவுப் பதிவேட்டிலும், ஒரு நாளுக்குப் பிறகு தொடர்ந்து சிவப்புக் கோடாகவே போகும் பெயர்கள் இருக்கின்றன. கிராம அலுவலருக்கு அந்த வீடுகள் தெரியும். ஐந்து வலயப் பணிப்பாளர்களும் செப்டெம்பருக்குள் அந்தப் பெயர்களைத் திரட்டி, குச்சவெளியிலும் மூதூரிலும் ஒவ்வொரு வகுப்பையாவது வருகிற நவம்பரில் தொடங்கலாம். கடற்றொழில் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டம் நடக்கும் மண்டபத்திலேயே முதல் வகுப்பை வைத்தால், சம்மாட்டிமாரும் வந்து ஒரு முறை எட்டிப் பார்ப்பார்கள்.